பெயரைத் தேடாதே, பண்ணையைத் தேடு

ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா பகுதியில் பழைய தேவாலயப் பதிவேடுகளைப் படிக்க எனக்குக் கற்றுத் தந்தவர் ஓய்வுபெற்ற ஆவணக் காப்பாளர் ஒருவர். ஆரம்பத்தில் அந்த அம்மையார் என்னைப் படிக்கவே விடவில்லை. மைதொட்டு எழுதும் பேனாவைக் கொடுத்து, குர்ரண்ட் என்னும் பழைய கூட்டெழுத்தை எழுதிப் பழகச் சொன்னார். கை பழகினால் கண் தானே பழகும் என்பது அவர் கட்சி.

குர்ரண்டில் ‘ஈ’ எழுத்தும் ‘என்’ எழுத்தும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ‘யூ’வும் அதே கோடுகள்தான், தலையில் ஒரு வளைவு போட்டுப் பிரிப்பார்கள். எழுதிய பாதிரியார் அவசரக்காரரென்றால் வளைவு போய்விடும், வரிசையாக ரம்பப் பல்தான் மிஞ்சும். இதற்கு ஒரு வழி உண்டு. யோஹான், அன்னா, மரியா எல்லாப் பக்கத்திலும் வருவார்கள். அந்தப் பெயர்களிலிருந்து பாதிரியாருடைய எழுத்துகளைப் பொறுக்கி அட்டவணை போட்டுக்கொள்ள வேண்டும். பாதிரியார் மாறினால் அட்டவணையும் மாறும்.

பயிற்சிக்கு எனக்குக் கிடைத்த குடும்பப் பெயர் மையர். நிலப்பிரபுவின் தலைமைப் பண்ணையைப் பார்த்துக்கொண்டு, சுற்றுக் குடியானவர்களிடம் வரி வசூலித்தவர்தான் இடைக்கால மையர். கிட்டத்தட்ட நம் மணியக்காரர். ஜெர்மன் எழுத்தில் இதைக் குறைந்தது ஐந்து விதமாக எழுதுவார்கள். ஒரே ஆளுக்கு ஞானஸ்நானத்தில் ஒரு விதம், திருமணத்தில் இன்னொரு விதம். போதாக்குறைக்கு, கத்தோலிக்கப் பாதிரியார்கள் சிலர் பெயரையே லத்தீனாக்கி, ம்யுல்லரை மோலிட்டர் என்றும், ஷ்மிட்டை ஃபாபர் என்றும் எழுதி வைத்தார்கள்.

வெஸ்ட்ஃபாலியாவில் கூடுதலாக ஒரு சிக்கல். அங்கே பெயர் பண்ணையோடு ஒட்டியது. வாரிசுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பண்ணைக்கு வந்த மாப்பிள்ளை அந்தப் பண்ணையின் பெயரைச் சூடிக்கொள்வார். நம் பத்திரங்களில் ‘என்கிற’ என்று வருமே, அதுபோலப் பதிவேட்டில் ‘கெனன்ட்’ என்றொரு சொல் இரண்டு பெயர்களுக்கும் நடுவே நிற்கும். தகப்பன் ஒரு பெயர், மகன் வேறு பெயர். அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்ளும் எனக்கு இது விசித்திரமாகப் படவில்லை. உடன் பயின்ற ஜெர்மானியர்கள்தான் திணறினார்கள். பெயரை விட்டுவிட்டு, பண்ணை எது, பிள்ளைக்கு ஞானப்பெற்றோர் யார் என்று பார்க்கச் சொன்னார் அம்மையார். பெயர் மாறினாலும் அக்கம்பக்கம் மாறாதாம். இந்தத் தொழிலில் நான் கற்றதில் உருப்படியானது இதுதான்.

1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் எரிந்த பதிவேடுகள் ஏராளம். பல ஊர்களில் அதற்கு முன்னால் போகவே முடியாது. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் அரசுப் பதிவு பிரஷ்யாவில் 1874 அக்டோபரிலும், ஜெர்மன் பேரரசு முழுவதிலும் 1876 ஜனவரியிலும் தொடங்கியது. பெயர்களின் எழுத்து நிலைபெற்றது பெரும்பாலும் அதன் பிறகுதான்.

ஜெர்மன் குடும்பம் எதையாவது தேடப் போகிறீர்களா? பிறப்புப் பதிவு 110 ஆண்டும், திருமணப் பதிவு 80 ஆண்டும் கழித்தே எல்லோருக்கும் திறக்கும். இறப்புப் பதிவுக்கு 30 ஆண்டு போதும். அங்கிருந்து தொடங்குங்கள்.