லேபிளில் இல்லாத பெயர்

1947இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை வாங்க ஒலிவியா டி ஹாவிலாண்ட் மேடையேறியபோது உடுத்தியிருந்த கவுனில் பூக்களைக் கையாலேயே வரைந்திருந்தார்கள். உள்ளே தைத்திருந்த லேபிளில் சோனியா ரோசன்பர்க் என்று இருந்தது. அது கடையின் லேபிள். உடையை உருவாக்கியவர் ஆன் லோ, அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பெண். அடிமையாகப் பிறந்த அவருடைய பாட்டியும் தையல்காரிதான்.

நான் கோடு எழுதிப் பிழைக்கிறவன். கிட்டில் எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும் கட்டளைக்குப் பெயரே 'பிளேம்'. நம்ம பேர் தேவைப்படுவது பழி போடத்தான் போல! ஒருமுறை ஆறு மாச வேலையை வாடிக்கையாளரிடம் ஒப்படைத்தபோது மொத்த வரலாற்றையும் ஒரே கமிட்டாகச் சுருக்கி, அவர்கள் பெயரில் ஏற்றினார்கள். சம்பளம் ஒழுங்காக வந்தது. ஆனாலும் அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கலை. ஆன் லோவைப் படிக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். படித்தபின், என் கதையை அவர் கதையோடு சேர்த்துச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

1953 செப்டம்பர் 12, நியூபோர்ட்டில் ஜாக்குலினுக்கும் ஜான் கென்னடிக்கும் கல்யாணம். மணப்பெண்ணின் கவுனுக்குத் தந்த நிறப் பட்டு டாஃபெட்டா, சுமார் 50 கஜம். மார்பில் பட்டை பட்டையாக மடிப்பு, பாவாடையில் வட்டம் வட்டமாக மடிப்பு. இரண்டு மாச வேலை. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் லோவின் தையற்கூடத்தில் தண்ணீர் புகுந்து, தோழிப் பெண்களுடையதையும் சேர்த்து 15 உடைகளில் 10 நாசமாயின. மறுபடி துணி வாங்கி, கூடுதல் ஆள் வைத்து, ராப்பகலாகத் தைத்தார். 700 டாலர் லாபம் வந்திருக்க வேண்டிய இடத்தில் 2,200 டாலர் நஷ்டம். வீட்டாரிடம் அவர் மூச்சுவிடவில்லை.

கொண்டுபோய்க் கொடுக்கும்போது பின்வாசல் வழியாக வரச் சொன்னார்களாம். அப்படியானால் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துப் போகிறேன் என்றிருக்கிறார். முன்வாசல் வழியாகத்தான் போனார்.

மறுநாள் பத்திரிகைகள் கவுனை மடிப்பு மடிப்பாக வர்ணித்தன. லோவின் பெயரைப் போட்டது ஏறக்குறைய யாருமில்லை. 1961இல் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' அதைத் தைத்தது யாரோ ஒரு கறுப்பினத் தையல்காரி என்ற தோரணையில் எழுதியது. அப்போது ஜாக்குலின் அதிபரின் மனைவி. மனம் புண்பட்டு லோ அவருக்கே கடிதம் எழுதினார். விளம்பரம் தேடியவளில்லை நான், ஆனால் சொல்வதென்றால் பேர்பெற்ற நீக்ரோ டிசைனர் என்றே சொல்லுங்கள் என்பதுதான் அதன் சாரம். எனக்கு இந்த இடம்தான் முக்கியம். பரிதாபத்தை அவர் கேட்கவில்லை, தொழிலுக்குரிய பட்டத்தைக் கேட்டார்.

காசு அவர் கையில் நின்றதே இல்லை. பெரிய வீட்டுக்காரர்கள் பேரம் பேசினார்கள், அவரும் இறங்கிக் கொடுத்தார். வரிப் பாக்கி கழுத்தை நெரித்தபோது யாரோ பெயர் சொல்லாமல் கட்டினார்கள். ஜாக்குலினாகத்தான் இருக்கும் என்று லோ நம்பினார்.

1981இல் லோ இறந்தார். அந்தக் கவுன் பாஸ்டனில், கென்னடி நூலகத்தில் இருக்கிறது. பட்டு நைந்துவிட்டது. அதனால் 2023இல் வின்டர்தூர் அருங்காட்சியகம் லோவுக்காக நடத்திய கண்காட்சிக்கு அதே மாதிரி இன்னொன்றைப் புதிதாகத் தைத்தார்கள்.