வைக்கோல் எடுக்கும் நாள்

செப்டம்பர் 9, 2024

போடியிலிருந்து முதல் ஜீப்பில் போடிமெட்டுக்கு ஏறினேன். முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள். கோடையில் கருகிய ஏலச்செடிகளின் இடம் இன்னும் மொட்டையாகவே கிடக்கிறது. பார்க்க மனசு கேட்கவில்லை. தட்டை பிரித்து நடலாம் என்றால் தாய்ச்செடி மிஞ்ச வேண்டுமே. மிஞ்சிய மூலையிலும் கட்டே என்னும் தேமல் நோய். தட்டையோடு தேமலும் கூடவே வந்துவிடும், விதையில் அது வராது. அதனால் இந்த வருஷமும் நாற்றங்கால்தான்.

நன்றாகப் பழுத்த காய்களாகப் பார்த்து அக்கா பறித்து வைத்திருந்தார். காய்க்குப் பதினைந்து இருபது விதை, மேலே வழவழப்பான சவ்வு. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினோம்.

செப்டம்பர் 10

அமிலக் குளியல். 25 சதவீத நைட்ரிக் அமிலத்தில் 10 நிமிடம், பிறகு ஓடும் தண்ணீரில் அலசல். ஏல விதைக்குத் தோல்தான் பூட்டு. அது இளகாவிட்டால் தண்ணீர் உள்ளே போக நாள்கணக்காகும். பழைய விதை என்றால் இவ்வளவு பாடும் வீண். இரவு முழுக்க ஊறட்டும்.

செப்டம்பர் 12

விதைத்தாயிற்று. விரல் நுனியால் கோடு கிழித்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகாமல். மேலே மெல்லிய மண், அதற்கு மேல் வைக்கோல். பந்தலில் பாதி வெளிச்சம் விடும் பச்சை வலை.

“இத்தனை போர்வையா? வெளிச்சமே படாதே அக்கா” என்றேன். “மண்ணுக்குள்ள இருக்கிற வரைக்கும் அது வயித்துப்பிள்ளை தம்பி. ஈரம் காயாம இருந்தாப் போதும்” என்றார்.

செப்டம்பர் 22

அக்கா சொன்னது ஏலத்துக்குச் சரி, எல்லா விதைக்கும் பொருந்தாது. வேடசந்தூர்ப் பக்கம் மாமனார் புகையிலை நாற்று விட்டது நினைவுக்கு வருகிறது. தூசி மாதிரி விதையை மணலில் கலந்து மேலாகத் தூவுவார், மண் போட்டு மூட விடமாட்டார். அது வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும் சாதி. அவ்வளவு சின்ன விதைக்குள் சோறு ஏது? ஆழத்தில் முளைத்தால் மேலே வந்து சேருமுன் தீர்ந்துபோகும்.

லெட்யூஸ் கீரை விதையும் அப்படித்தான். 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வுக்கூடத்தில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் குழுவினர் ஊறிய லெட்யூஸ் விதைக்குச் சிவப்பு ஒளியைக் காட்டினார்கள், முளைத்தது. அதற்கடுத்த தொலைசிவப்பைக் காட்டினார்கள்; அடங்கிவிட்டது. மாற்றி மாற்றிக் காட்டினால், கடைசியாகப் பட்ட ஒளியின் பேச்சைத்தான் விதை கேட்டது. அப்படிக் கேட்கும் நிறமியை 1959இல் பிரித்தெடுத்தார்கள். பைட்டோகுரோம் என்று பெயர்.

இதைப் படித்ததிலிருந்து மரநிழலை நான் பார்க்கிற விதமே மாறிவிட்டது. இலை தன் சாப்பாட்டுக்குச் சிவப்பை எடுத்துக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விட்டுவிடுகிறது. தலைக்கு மேல் கூரை இருக்கிறது என்று மரத்தடி விதைக்கு அந்த நிறமே சொல்லிவிடும். தோட்டத்தில் பலாமரம் சாய்ந்த இடத்தில் ஒரே மழைக்குக் களை பொங்கி எழுந்ததே, அந்த விதைகள் எத்தனை வருஷம் காத்துக் கிடந்தனவோ!

அக்டோபர் 13

முளை! வைக்கோலை விலக்கிப் பார்த்தால் ஊசி மாதிரி நாலைந்து. விதைத்து 31 நாள். போதாது, இன்னும் வரட்டும்.

அக்டோபர் 17

கிழக்குப் பாத்தியில் வைக்கோல் எடுத்தோம். வெயில் தாழ்ந்த பிறகு, மூட்டமாக இருக்கும்போது, கையால், கொத்துக் கொத்தாக. உருவி இழுத்தால் முளையும் கூட வந்துவிடும். வரிசைக்கு நடுவில் மட்டும் கொஞ்சம் விட்டு வைத்தோம். இன்னும் தூங்குகிற விதைகளுக்கு ஈரம் வேண்டும்.

போன வருஷம் இந்த நாளைத்தான் தவறவிட்டேன். கல்யாண வீடு என்று கீழே ஒரு வாரம் தங்கிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் வைக்கோலுக்கடியில் சேமியா மாதிரி வெளுத்து, நீண்டு, தலை தொங்கிய நாற்றுகள். இருட்டில் முளை தன் கையிருப்பையெல்லாம் தண்டில் போட்டு வழி தேடுகிறது, பச்சை கட்டுவதில்லை. அடுத்த மழைக்கு நாற்றழுகல் வந்து பாதிப் பாத்தி சாய்ந்தது. அக்கா ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. செத்த நாற்றுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கூடையை என்னால் மறக்க முடியாது.

அக்டோபர் 24

நாற்றுகளின் கழுத்தில் பச்சை ஏறிவிட்டது. ஆனால் நம் சரிவு கிழக்கு பார்த்தது. சாயங்காலம் மலை சீக்கிரமே சூரியனை மறைத்துவிடும். காலையிலோ வெயில் பந்தலுக்குக் கீழே நுழைந்து நேரே நாற்றில் அடிக்கிறது. மேல்வலை எதற்குமே உதவவில்லை. ஓரத்து நாற்றுகளின் இலைநுனி பழுப்பாகிவிட்டது. வளர்ந்த ஏலத்துக்கே சல்லடை வெளிச்சம்தான் ஒத்துக்கொள்ளும், பிறந்து பத்து நாளான இது எப்படித் தாங்கும்? கிழக்கே சணல் சாக்கு கட்டினோம். விடியுமுன் இறக்கி, பத்து மணிக்குச் சுருட்டிவிட வேண்டும்.

அக்டோபர் 30

இரண்டாம் பாத்தியிலும் வைக்கோல் எடுத்தாயிற்று. முதல் பாத்தியில் நிறைய நாற்றுகள் இரண்டாவது இலை விரித்துவிட்டன. பழுப்பு பரவவில்லை.

நாளை தீபாவளி. வேலையாட்கள் ஏறமாட்டார்கள், காலை ஜீப்பும் வராது. “ஒரு நாள்தானே தம்பி, சாக்கை இறக்கியே விட்டுட்டுப் போ” என்றார் அக்கா. முழுப் பகலும் இருட்டில் வைக்க எனக்கு மனசில்லை. வீட்டுக்குப் போன் பண்ணிவிட்டேன். இன்றிரவு தோட்டத்து ஸ்டோரிலேயே படுத்துக்கொள்கிறேன். சாக்கைச் சுருட்டிவிட்டுப் பத்து மணிக்கு மேல் இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்குப் போடி போய்விடலாம்.