இரண்டே முக்கால் கிலோ

பென்ஷன் வாங்குகிற கணக்கு வாத்தியாருக்குக் கோடிங்கில் என்ன வேலை என்று கேட்கப் போகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுக் கேளுங்கள். பதிவு கொஞ்சம் நீளம்தான். பெங்களூரிலும் சென்னையிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் அரிச்சுவடி. மற்றவர்களுக்காகத்தான் விளக்கி எழுதுகிறேன்.

பாம்பன் பக்கத்தில், என்னிடம் படித்த ஒரு பெண்ணின் மகள் போன வருஷம் பிளஸ் டூ முடித்தாள். கணினிப் பயன்பாடுகள் பிரிவு. அவள் அம்மா பாசி வளர்க்கிற ஐந்து பேர் குழுவில் ஒருத்தி. கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூங்கில் மிதவை கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்து கடலில் விட்டால் 45 நாளில் அறுவடை. கரையில் காயவைத்து, எடை போட்டு, கம்பெனிக்குக் கொடுப்பார்கள். அதிலிருந்து எடுக்கிற காராகீனன் நாம் தின்கிற ஐஸ்கிரீமிலும் பல் தேய்க்கிற பேஸ்ட்டிலும் இருக்கிறது. யார் யாருக்கு எத்தனை கிலோ என்று அந்தக் குழுவில் ஒரு அக்கா பல வருஷமாக நோட்டில் எழுதி வருகிறார். ஐந்தாவது வரைதான் படிப்பு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

இந்தப் பெண், அந்த நோட்டு வேலையைக் கம்ப்யூட்டரில் செய்கிறேன் என்று கிளம்பினாள். ஐந்து பெட்டி, ஒரு பட்டன். எடையைப் போட்டு அமுக்கினால் மொத்தம் வர வேண்டும். "சார், பட்டனை அமுக்குனா ஒண்ணுமே வர மாட்டேங்குது" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

வெப் பக்கம் என்பது டேக்குகளால் ஆனது. தலைப்புக்கு ஒரு டேக், பெட்டிக்கு ஒரு டேக், பட்டனுக்கு ஒரு டேக். அதற்குள்ளேயே ஸ்கிரிப்ட் என்று ஒரு டேக் போட்டு, உள்ளே ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவோம். இந்த இரண்டுக்கும் குணம் வேறு வேறு. மூட வேண்டிய டேக்கை மூடாமல் விட்டாலும் பிரவுசர் தானாகச் சரிக்கட்டிப் பக்கத்தைக் காட்டிவிடும். ஸ்கிரிப்ட் அப்படி இல்லை. இலக்கணத்தில் ஒரு குறி பிசகினால் அந்த ஸ்கிரிப்ட் டேக்குக்குள் இருக்கிற மொத்தமும் ஓடாது. பெட்டியும் பட்டனும் அழகாகத் திரையில் நிற்கும், உள்ளே உயிர் இருக்காது. பார்க்கிறவர்களுக்குப் பட்டன் கெட்டுப்போனதாகத் தோன்றும்.

எஃப் 12 அமுக்கினால் கன்சோல் என்று ஒரு இடம் திறக்கும். அங்கே சிவப்பில் ஒரு வரி இருந்தது, எத்தனையாவது வரியில் தகராறு என்ற எண்ணோடு. போய்ப் பார்த்தால் மேற்கோள் குறி. வேர்டில் டைப் செய்து ஒட்டியிருக்கிறாள். வேர்டு, நேராக நிற்கிற குறியை அழகுக்காக வளைத்துவிடும். ஸ்கிரிப்டுக்கு வளைந்த குறி புரியாது. மாற்றினோம். அடுத்த சிவப்பு வரி: பெட்டியைத் தேடினேன், இல்லை என்கிறது. ஸ்கிரிப்டைப் பக்கத்தின் தலைமாட்டில் வைத்திருந்தாள். பிரவுசர் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வருகிறது, ஸ்கிரிப்ட் ஓடும்போது பெட்டி இன்னும் பிறக்கவே இல்லை. கடைசிக்கு நகர்த்தியதும் சரியானது. சிவப்பு வரி வந்தால் நான் சந்தோஷப்படுவேன். எங்கே வலிக்கிறது என்று சொல்கிற நோயாளி மாதிரி அது.

இப்போது பட்டன் வேலை செய்தது. முதல் இரண்டு எடையை மட்டும் போட்டோம். 18.75, 22.5. மொத்தம் 41.25 வர வேண்டிய இடத்தில் 018.7522.5 என்று ரயில் பெட்டி கோத்த மாதிரி வந்து நின்றது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெட்டியில் நாம் அடிக்கிறது எண் போலத் தெரிந்தாலும் ஸ்கிரிப்டுக்கு அது எழுத்துதான். எழுத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறி போட்டால் ஜாவாஸ்கிரிப்ட் கூட்டாது, ஒட்டும். "பி.எச்.பி.யில சரியாத்தானே சார் கூட்டும்?" என்றாள். நியாயமான கேள்வி. பி.எச்.பி., ஜாவாஸ்கிரிப்ட், முழுக்க டேக்குகளாலேயே நிரல் எழுதுகிற கோல்டுஃபியூஷன், மூன்றுமே 1995-இல் வெளிவந்தவை. பி.எச்.பி.யில் ஒட்டுவதற்குப் புள்ளி, கோல்டுஃபியூஷனில் ஒட்டுவதற்கு 'அண்ட்' குறி. இரண்டிலும் கூட்டல் குறிக்குக் கூட்டல் ஒன்றுதான் வேலை. ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் ஒரே குறிக்கு இரண்டு வேலை. பிளஸ் டூ புத்தகத்தில் கடைசியாகப் படித்தது பி.எச்.பி. என்பதால் அவள் கை அந்தப் பழக்கத்திலேயே போயிருக்கிறது.

எழுத்தை எண்ணாக மாற்ற வழி தேடிப் பார் என்று சொல்லி அனுப்பினேன். தேடினாள். ஏதோ ஒரு வீடியோவில் 'பார்ஸ்இன்ட்' என்று சொல்லியிருக்கிறார்கள், போட்டாள். மொத்தம் ஒழுங்காக வந்தது. சிவப்பு வரி ஒன்றுகூட இல்லை. அம்மாவிடம் காட்டினாள். குழுவிலும் காட்டினாள். வினையே அங்கேதான்.

அன்றைக்கு எடை: 18.75, 22.5, 16.25, 20.5, 19.75. அக்கா நோட்டில் தொண்ணூற்று ஏழே முக்கால். லேப்டாப்பில் 95. "கம்ப்யூட்டர் தப்பாவா சொல்லும்?" என்று ஒருத்தர் ஆரம்பித்தார். "அப்ப இத்தனை நாளா நோட்டுல என்னத்த எழுதுன?" என்று இன்னொருத்தர். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லையாம். நோட்டை மணலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் மிதவைக்கும் வரவில்லை.

நம்ம ஊர் கலாம் ஐயா, ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்தவர், ஒரு கதையைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1979 ஆகஸ்ட் 10, எஸ்.எல்.வி.-3 முதல் ஏவுதல். வேண்டாம் என்று கம்ப்யூட்டர் நிறுத்தியது, அதை மீறி ஏவினார்கள், ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. அங்கே கம்ப்யூட்டர் சொன்னதைக் கேட்கவில்லை. இங்கே கம்ப்யூட்டர் சொன்னதை மட்டும் கேட்டார்கள். அங்கேயாவது அது எச்சரித்தது. இந்த 95 எந்த எச்சரிக்கையும் இல்லாமல், பார்த்தால் நம்பும்படி வந்து நின்ற எண். 018.7522.5 என்று வந்தால் குழந்தைகூட சிரிக்கும், யாரும் ஏமாற மாட்டார்கள்.

பெண் அழுதுகொண்டே போன் செய்தாள். நோட்டையும் கொண்டுவரச் சொன்னேன். முதலில் நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். ஏழே முக்கால்தான், பிசகே இல்லை. அப்புறம் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு எடையையும் கூட்டுவதற்கு முன்னால் கன்சோலில் அச்சிட ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். காரணத்தை ஊகிக்காதே, உள்ளே என்ன இருக்கிறது என்று அதையே கேள் என்றேன். அமுக்கினாள். 18, 22, 16, 20, 19 என்று வரிசையாக வந்தது. அவளே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பார்ஸ்இன்ட் இடமிருந்து படித்துக்கொண்டே போய், முழு எண்ணுக்கு ஒத்துவராத முதல் குறியைக் கண்டதும் நின்றுவிடும். 18-க்கு அப்புறம் புள்ளி. முக்கால் கிலோ கடலோடு போச்சு. ஐந்து பேரிடமும் இப்படிக் கழன்ற காலும் அரையும் முக்காலும் சேர்ந்து 2.75 கிலோ. அது செய்யச் சொன்னதைத்தான் செய்தது. முழு எண் வேண்டும் என்று கேட்டால் முழு எண்தான் தரும்.

அந்த இடத்தில் 'நம்பர்' என்று மாற்றினாள். 97.75. "18 கிலோ" என்று எழுத்தோடு சேர்த்து அடித்தால் என்ன ஆகும் என்று பார்த்தோம். பார்ஸ்இன்ட் சத்தமில்லாமல் 18 என்று எடுத்துக்கொள்ளும். நம்பர், இது எண்ணே இல்லை என்று ஆங்கில எழுத்து மூன்றால் சொல்லும். அதைச் சேர்த்துப் படித்தால் 'நான்' என்று வரும். "தப்பு யாருன்னு கேட்டா 'நான்'னு சொல்லுது சார்" என்றாள். அழுத முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

கணக்கு வாத்தியார் புத்தி, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜாவாஸ்கிரிப்டில் 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.3 வராது, பின்னால் ஒரு சின்ன வால் ஒட்டிக்கொண்டு வரும். கம்ப்யூட்டர் பாதி பாதியாகத்தான் பிரித்துக் கணக்கு வைக்கும், பத்தில் ஒன்று அதில் சரியாக அடங்காது. ஆனால் காலும் அரையும் முக்காலும் அப்படியே துல்லியமாக அடங்கும். நம் பாட்டிமார் புழங்கிய பின்னம் அதற்கு ஒத்துப்போகிறது.

சாயங்காலம் லேப்டாப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். அம்மாவும் மற்ற மூன்று பேரும் கூடப் போனார்களாம். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த எடைக்கு அக்கா வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: மொத்தத்தை மட்டும் காட்டக் கூடாது, மேலே ஐந்து எடையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், நான் நோட்டோடு டிக் அடித்துக்கொள்வேன். எங்கும் கோடிங் படிக்காத அந்த அம்மாள் கேட்டதைத்தான் நான் கன்சோலில் அச்சிடச் சொன்னேன். இப்போது பக்கம் அப்படித்தான் இருக்கிறது.

ஒரு குறை பாக்கி. பக்கத்தை மூடினால் போட்ட எடையெல்லாம் அழிந்துபோகிறது. பிரவுசரிலேயே சேமித்து வைக்க வழி இருக்கிறதாம். அதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க உங்களில் யாருக்காவது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒழியுமா? வீடியோ கால் போதும், தமிழில் பேசுங்கள். செய்து கொடுத்துவிடாதீர்கள், அவளே செய்யட்டும். முடிந்தவர்கள் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள்.