தொகையும் தொண்டும்

பலவற்றுள் சிலவற்றைத் தெரிந்தெடுத்து நிரல்படுத்தும் வழக்கம் மக்களிடைத் தொன்றுதொட்டு உள்ளது. சங்கச் சான்றோர் செய்யுட்களைத் தொகுத்தோர் எட்டுத்தொகை கண்டனர்; திருமுறைகளைத் தொகுத்தோர் அவற்றைப் பன்னிரண்டாக வகுத்தனர். அங்ஙனமே இக்காலத்தார் தாம் கண்ட திரைப்படங்களுள் எக்காலத்துக்கும் விருப்பமானவை இவையென ஐந்தோ பத்தோ எடுத்து வரிசை செய்கின்றனர். இஃது இளைஞர் பொழுதுபோக்கு. சைவர் இதிற் கருதத்தக்கது யாதுளதென வினவுவாரும் உளர். உயிரானது சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது என்பது சித்தாந்த நூற்றுணிபு. பளிங்கு தன்னைச் சார்ந்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறுபோல, உயிர் தான் அழுந்திய பொருளாகவே நின்று காட்டும். ஆதலின் ஒருவர் எதனை மீட்டும் மீட்டும் விரும்பிக் காண்கின்றார் என்பது, அவருயிர் எதன் வண்ணமாகி வருகின்றது என்பதற்கு அடையாளமாகும். இது சிறு வினா அன்று.

மேனாட்டார் இத்தொகை செய்தலைப் பெருமுயற்சியாகவே நடத்தி வருகின்றனர். இலண்டனிலிருந்து வெளிவரும் சைட் அண்ட் சவுண்ட் என்னும் இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை திறனாய்வாளரிடம் கருத்துக் கேட்டு, தலைசிறந்த படங்கள் இவையென வெளியிடுகின்றது. 1952-இல் முதலிடம் பெற்றது இத்தாலி நாட்டுச் 'சைக்கிள் திருடர்கள்'. 1962 முதல் 2002 வரை ஐந்துமுறை 'சிட்டிசன் கேன்' என்னும் அமெரிக்கப் படம் முதலாய் நின்றது. 2012-இல் 'வெர்ட்டிகோ' அதனைக் கீழிறக்கியது. 2022-இல் 'ஜான் டீல்மன்' என்னும் படம் அதனையுங் கீழிறக்கியது. எக்காலத்துக்கும் சிறந்தது என்று சொல்லப்பட்டது பத்தாண்டிற்குப் பின் இரண்டாவதாயும் ஆறாவதாயும் ஆகின்றது. குறை அப்படங்களினுடையது அன்று. காண்பார் நடுவராய் இருந்து உயர்வு தாழ்வு கூறப்புகின், நடுவர் மாறுந்தோறுந் தீர்ப்பும் மாறும் என்க.

தொகை செய்தற்கு வேறொரு நெறியும் உண்டு. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் குழுமியிருந்த அடியார் திருக்கூட்டத்தைக் கண்ட நம்பியாரூரர் பதினொரு பாடல்களால் திருத்தொண்டத்தொகை அருளினார். அதனை நம்பியாண்டார் நம்பிகள் திருவந்தாதியால் வகை செய்தார். சேக்கிழார் பெருமான் பெரியபுராணமாக விரித்தார். அத்தொகையில் முதற்பரிசு பெற்றார் இவர், இரண்டாம் பரிசு பெற்றார் இவர் என்னும் பேச்சே இல்லை. அரசரும் உளர், குயவரும் உளர், மறையவரும் உளர், வேடரும் உளர். தொகுத்தவர் ஒவ்வொருவர்க்கும் தம்மை அடிமையென்றே கூறிச் செல்கின்றார். அங்குத் தொகுத்தல் என்பது தீர்ப்பளித்தல் அன்று, வணங்குதலேயாம். அன்றியும், ஒன்பது தொகையடியாருள் அப்பாலும் அடிச்சார்ந்தார் என ஒரு கூட்டத்தை வைத்து, தமிழ்நாட்டு எல்லைக்கும் தங்காலத்துக்கும் அப்பாற்பட்டாரையும் அப்பெருமான் உட்கொண்டார். முடிந்த தொகையிலும் வாயில் ஒன்று திறந்தேயுள்ளது.

இந்நெறியைத் திரைப்படத் தொகைக்குக் கொண்ட அன்பர் ஒருவரை ஈண்டு எடுத்துக்காட்டுதல் தகும். அவர் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் பல்லாண்டு பணியாற்றியவர். அந்நிறுவனம் 1956-இல் தோன்றியது. 1957-இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. 1962-இல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. நகரியத்து வீடுகள் பணியுள்ள வரைக்கே உரியன. ஓய்வு பெற்ற அன்பர் வீட்டை ஒழிக்கும் நாளில், கல்லூரியிற் பயிலும் அவர்தம் பெயர்த்தி, குடும்பத்தார் மீட்டும் மீட்டுங் காணுதற்கென ஐந்தே படங்களைத் தெரிந்து தருமாறு வேண்டினாள்.

அவர் தம் தொழிலறிவையே அளவையாகக் கொண்டார். நெய்வேலியிற் கரி மேலே கிடப்பதில்லை. பன்மடங்கு மண்ணை மாபெரும் அகழ்பொறிகளால் அகற்றிய பின்னரே கரிப்படலம் தோன்றும். அப்படலத்தின் கீழோ ஊற்றுநீர் பேரழுத்தத்தோடு மேலெழ முந்தும். இரவும் பகலும் இறைத்து வெளியேற்றாவிடின் சுரங்கமே மூழ்கும். தெரிந்தெடுத்தலும் அத்தகையதே. இளமையிற் கண்டவை, நண்பரோடு சிரித்தவை, பிறர் புகழ்ந்தமையாற் புகழ்ந்தவை என்பன மேல்மண். 'என் சுவை உயர்ந்தது' என்னும் செருக்கு அடியினின்று பொங்கும் நீர். மண்ணை ஒருமுறை அகற்றினால் அமையும்; நீரையோ இடைவிடாது இறைத்தல் வேண்டும். ஆதலின் அவர் மூன்று வினாக்களை வகுத்தார்: கண்டபின் மூல நூலைத் தேடத் தூண்டுகின்றதா? பலமுறை காணினும் நெஞ்சம் நெகிழ்கின்றதா? 'யான்' என்பது சிறிதேனும் தேய்கின்றதா?

1943-இல் வந்த சிவகவியின் இசையினிமை அவர்க்கு மிக உவப்பானதே. ஆயினும் பாட்டு நினைவில் நின்று பொருள் நில்லாமையின் அதனை விடுத்தார். 1953-இல் வந்த ஔவையார், சுந்தராம்பாள் அம்மையார் குரலால் உயர்ந்ததாயினும், ஐந்து என்னும் எல்லையால் நின்றது.

முதலாவது அவர் கொண்டது திருவிளையாடல். 1965-இல் ஏ. பி. நாகராசன் இயக்கி, தாமே நக்கீரராகவும் தோன்றிய படம் அது. நாகேஷ் தருமியாக வருங் காட்சியில் மக்கள் நகைக்கின்றனர். வறியவன் ஒருவன் பொற்கிழிக்கு ஏங்கி இறைவன்பால் அழுவதும், இறைவன் அவன்பொருட்டுப் புலவனாய் வந்து அவை ஏறுவதும் அந்நகைப்பின் உள்ளே உள்ளன. நடிகர் முகம் இறைவன் திருமுகமாய் மனத்திற் பதியுமே எனச் சைவச் சான்றோர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் தள்ளத்தக்கதன்று. நடிப்பு கதை கூறுங் கருவியேயன்றி வழிபடு திருமேனி ஆகாது என்பதைப் பிள்ளைகட்கு உணர்த்திவிட்டே அதனைக் காட்டுதல் வேண்டுமென அவர் குறித்து வைத்தார்.

இரண்டாவது 1967-இல் வந்த திருவருட்செல்வர். நாற்பது வயது நிரம்பாத சிவாசி கணேசன் முதுமை எய்திய அப்பரடிகளாய், தளர்நடையும் தாழ்ந்த நோக்குமாகத் தோன்றுகின்றார். தலைமை நடிகரின் தோற்றப் பொலிவையே நம்பி நடக்குங் கலையில், அப்பொலிவு முழுதும் அடியார் வேடத்துள் மறைந்தொழிந்தமை மூன்றாம் வினாவிற்கு விடையாயிற்று.

மூன்றாவது 1973-இல் வந்த காரைக்கால் அம்மையார். புனிதவதியாராக லட்சுமியும், பேயுருப் பெற்ற அம்மையாராகச் சுந்தராம்பாளும் நடித்தனர். அழகினைக் காட்டியே பொருளீட்டுந் திரை, 'இவ்வழகு எனக்கு வேண்டா. கழித்தருள்க' என்று வேண்டிய ஒருவர் வரலாற்றைச் சொல்ல நேர்ந்தது. ஊன் உதறிய வடிவைச் சுற்றத்தார் அஞ்சி வணங்க, இறைவனோ அவரை அம்மையே என அழைத்தனன். பிறர் கண்ணுக்கு எவ்வாறு தோன்றுகின்றோம் என்பதே கவலையாய் வாழும் இளம்பருவத்தார்க்கு இதனினும் உறுதுணை யாது?

நான்காவதன்கண் இடர்ப்பாடு நேர்ந்தது. அது ஜெமினி நிறுவனத்தார் 1942-இல் எடுத்த நந்தனார். ஓதுவார் மரபில் வந்து, பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து இசைப்பணியும் ஆற்றிய தண்டபாணி தேசிகர் நந்தனாராய்த் தோன்றினார். 1935-இலேயே சுந்தராம்பாள் நந்தனார் வேடம் பூண்டு நடித்த படமும் ஒன்று வந்ததுண்டு. கொள்ளிடக்கரை ஆதனூரும், திருப்புன்கூரும், தில்லையும் நெய்வேலியார்க்கு அண்மையன. தில்லைக்கு அவர்கள் காலையிற் சென்று மாலையில் மீள்வர். நாளைப் போவேன் என ஏங்கியிருந்தவர் வரலாறு அவ்வூரார் நெஞ்சை எளிதிற் பற்றும். படத்தை முழுதுங் கண்ட பெயர்த்தி, "தாத்தா, உள்ளே வரும்படி அழைத்த கடவுள், தீயில் இறங்கி வரும்படி ஏன் சொன்னார்? மற்றவர்கள் அப்படித்தான் உள்ளே போனார்களா?" என்று வினவினாள்.

அன்பர் உடனே விடை கூறிற்றிலர். முதல் வினாவின்படி மூல நூலையே நாடினார். படத்தில் வருங் கொடிய வேதியர் பெரியபுராணத்தில் இலர். நாற்பது வேலி நிலத்தைப் பயிரிட்டு முடித்தாலன்றி விடையில்லை என அவர் கூறியதாக அமைத்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய கீர்த்தனை நூலேயாம். சேக்கிழார் காட்டும் நந்தனார்க்கோ ஆண்டையின் தடை இல்லை. தடை அவர் நெஞ்சிலே உள்ளது. தம் பிறப்பே தடையென உலகங் கற்பித்ததை அவர் மெய்யென நம்பித் தில்லை எல்லையையே வலம் வந்து வருந்துகின்றார். இறைவன் அவர் கனவிலும் தோன்றினான்; தில்லைவாழந்தணர் கனவிலும் தோன்றினான்.

பின்னர் அன்பர் பெயர்த்திக்குக் கூறிய விடை இது: "திருப்புன்கூரில் அவர் தரிசனத்துக்கு மறைப்பாய் இருந்தது கல் நந்தி. இறைவன் அதனை விலகச் செய்தான். நந்தனாரை எரியில் இறக்கவில்லை. அதுவே அவன் இயல்பு. தில்லையில் மறைப்பாய் இருந்தது மனிதர் எண்ணம். கல்லை விலக்குதல் எளிதாயிற்று. எண்ணத்தை எரிக்கத் தீ வேண்டியதாயிற்று. நந்தனார்பால் எரிக்கவேண்டிய அழுக்கு எதுவும் இருந்ததில்லை. எரிந்தது கண்டு நின்றவர் கண்ணிலிருந்த அழுக்கே."

இவ்விடையை ஒப்பாத அறிஞரும் இருத்தல் கூடும். அத்தீ மலமாயாசம்பந்தங் கழியுங் குறியென்றும், அது நந்தனார்க்குத் திருவருள் செய்த சிறப்பென்றும் அவர் கூறுவர். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஆயினும் அன்பர் தம் விடையையே பற்றி நின்றமைக்குக் காரணம் உண்டு. மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலில் வைத்தியநாத ஐயர் முயற்சியால் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939 சூலை 8-ஆம் நாள். நந்தனார் படம் வந்தது அதற்கு மூன்றாண்டு கழித்தே. திருப்புன்கூரில் நந்தி விலகிப் பல நூற்றாண்டு கழிந்த பின்னரும் மனிதர் விலகிற்றிலர். அடியார் தூய்மை பெறவே தீயென்று மட்டும் பிள்ளைகட்குச் சொல்லி நிறுத்தின், தூய்மை அற்றவர் யார் என்னும் அடுத்த வினாவிற்கு அவர்கள் பிழைபட்ட விடையைத் தாமே கண்டு கொள்வர். ஆதலின் அப்படத்தைத் தொகையினின்று நீக்காது, சேக்கிழார் நூலோடு சேர்த்தே காணவேண்டுமென்னும் விதியுடன் நான்காவதாக வைத்தார்.

ஐந்தாவதனைப் பெயர்த்தியே கொணர்ந்தாள். அது டென்மார்க்கு நாட்டுத் திரையர் என்பார் 1928-இல் பிரான்சில் எடுத்த பேசாப் படம். ஜோன் என்னும் கன்னியை வினவித் தண்டித்த வரலாற்றைப் பழைய வழக்குப் பதிவுகளைக் கொண்டே காட்டுவது. பெரும்பாலும் முகங்களே தோன்றும். இறைவன் தன்னோடு பேசினான் என்று சொன்ன அவளைச் சமயத் தலைவர் 1431-இல் எரியூட்டச் செய்தனர். 1456-இல் அத்தீர்ப்புச் செல்லாதென விலக்கினர். 1920-இல் அவளைத் திருத்தொண்டர் வரிசையிற் சேர்த்தனர். அப்படத்தின் மூலச்சுருளும் தீக்கிரையாயிற்று. முழுப்படி ஒன்று 1981-இல் நார்வே நாட்டு மனநோய் மருத்துவமனை ஒன்றிற் கிடைத்தது. ஓரிடத்தே தீயினின்று அடியார் ஒளியோடு எழுந்தார். பிறிதோரிடத்தே எரித்தவர் வழியினரே பின்னர் வணங்கினர். இரண்டினையும் அடுத்தடுத்துக் கண்ட அன்பர், அப்பாலும் அடிச்சார்ந்தார் என்னும் வாயில் எதற்காகத் திறந்து வைக்கப்பட்டது என்பதை உணர்ந்து, அவள் கொணர்ந்ததையே ஐந்தாவதாக ஏற்றுக்கொண்டார்.

திரையிற் காணும் உருவனைத்தும் பின்னிருந்து வரும் ஒளியால் தோன்றுவன. காண்பார் உருவிலே அழுந்தி ஒளியை மறப்பர். ஒளி நீங்கின் உருவும் இல்லை. உயிர் அறிவதும் அங்ஙனமே திருவருள் உடனின்று அறிவிக்க அறிவதாம். அவ்வருளை நினைப்பிக்கும் படம் ஒன்றாயினும் பலவாயினும் தொகைக்குரியது. அதனை மறப்பிப்பது எத்துணைப் புகழ் பெறினும் மேல்மண்ணேயாம். தொகுப்பார் நடுவராகாது அடியராகத் தொகுப்பாராயின், அத்தொகை காலத்தால் மாறினும் அவர் உயிர் பெற்ற வண்ணம் மாறாது.

திருச்சிற்றம்பலம்.