ரோடு நகர்ந்துவிட்டது!

ஓடுகிற டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் சும்மா இருக்கிறாரா, போய்க்கொண்டிருக்கிறாரா? கண்டக்டரைக் கேட்டால், "சும்மாத்தானே இருக்கார், சில்லறை எடுக்கச் சொல்லுங்க" என்பார். அதே பஸ்ஸைத் தவறவிட்டு ஸ்டாப்பில் நிற்பவரைக் கேட்டால், "அவர் போயிட்டாரே சார்!" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரி. இயக்கம் என்பது எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்த விஷயம். 1632-ல் கலிலியோ இதை ஒரு கப்பலை வைத்து விளக்கினார். (அவர் ஊரில் டவுன் பஸ் கிடையாது.) அலுங்காமல் ஒரே வேகத்தில் போகும் கப்பலின் மூடிய அறைக்குள் இருப்பவருக்கு, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

நேர்கோட்டு இயக்கம், சுழற்சி இயக்கம், அலைவு இயக்கம் என்று ஸ்கூலில் நெட்டுருப் போட்டு மார்க் வாங்கியதோடு சரி. எல்லாம் பஸ்ஸிலேயே இருக்கிறது. பஸ் போவது நேர்கோடு, பள்ளம் வரும் வரை. ஸ்டீயரிங் சுழற்சி. மேல் கம்பியில் தொங்கும் கைப்பிடி அலைவு. ஒன்பது மணிக் கூட்டத்தில் நாம் இடிபடுவது ஒழுங்கற்ற இயக்கம்.

சக்கரம்தான் வேடிக்கை. அது சுற்றிக்கொண்டே முன்னாலும் போகிறது. அதனால், வழுக்காமல் உருளும்போது, தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நகர்வதே இல்லை! உச்சியிலிருக்கும் புள்ளியோ பஸ்ஸைப்போல இரு மடங்கு வேகத்தில் பறக்கிறது. நம்பாவிட்டால், பக்கத்தில் போகும் சைக்கிளைப் பாருங்கள். கீழ்ப்பக்கத்துக் கம்பிகள் ஓரளவு தனித்தனியாகத் தெரியும், மேலே எல்லாம் மங்கல்.

சரி, ஃபுட்போர்டுக்கு வருவோம்.

நான் முன்பு வேலை பார்த்த ஆபீஸில் ஒரு நண்பர், ஸ்டாப்புக்கு முன்னாலேயே லாகவமாகக் குதிப்பதில் பேர் வாங்கியவர். ஒருநாள் இரண்டு முன்பற்களை ரோட்டில் விட்டுவிட்டு வந்தார். கேட்டதற்கு, "நான் கரெக்டாத்தான்யா குதிச்சேன், ரோடு நகர்ந்துடுச்சு" என்றார். செக்‌ஷனே சிரித்தது. ஆனால் கலிலியோ கணக்குப்படி அவர் சொன்னது நிஜம். பஸ்ஸிலிருந்து பார்த்தால் ரோடுதான் பின்னால் ஓடுகிறது.

பி.காம். பாஷையில் சொன்னால், ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவருக்கு ஓப்பனிங் பேலன்ஸ் உண்டு. பஸ் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அவர் கணக்கிலும் 20. அதாவது நூறு மீட்டரை 18 நொடியில் கடக்கிற வேகம், கையில் டிபன் கேரியரோடு! தரையைத் தொட்டதும் கால் நின்றுவிடுகிறது. உடம்பு நிற்பதில்லை. 1687-ல் நியூட்டன் முதல் விதியாக எழுதிவைத்த நிலைமம் இதுதான். பழகியவர்கள் பஸ் போகும் திசையைப் பார்த்து இறங்கி நாலடி ஓடுவார்கள், கடனைத் தவணையில் அடைப்பதுபோல. நண்பருக்கு மொத்தமாக வசூலாகிவிட்டது.

இதில் வட்டி விகிதம் வேறு மோசம். வேகம் 10-லிருந்து 20 ஆனால் உடம்பு சுமக்கும் ஆற்றல் இரு மடங்கல்ல, நாலு மடங்கு. முன்வாசலில் விழுகிறவருக்குச் சில அடி பின்னால் அந்தப் பின்சக்கரம் வேறு வந்துகொண்டிருக்கிறது.

நண்பர் பல் கட்டிக்கொண்டார். இப்போதெல்லாம் பஸ் முழுசாக நின்ற பிறகுதான் எழுந்திருக்கிறார். "சீக்கிரம் இறங்குய்யா!" என்று கண்டக்டர் கத்தினால், "ரோடு நிக்கட்டும்ப்பா" என்கிறார்.