சாக்கிட் காக்கி

ஒரு காலின் தொடை இரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்தாலும் மூன்று வைத்தாலும் பில்லில் ஒரே குறியீடுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எனக்கு விளங்கவே இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்துவிட்டு, கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க மருத்துவமனைகளின் பில்களைச் சரிபார்க்கும் மென்பொருள் எழுதுகிறேன். அங்கே ஒவ்வொரு சிகிச்சைக்கும் சிபிடி என்ற ஐந்திலக்கக் குறியீடு உண்டு. நான் சேர்ந்தபோது இருந்த பட்டியலில், தொடையிலிருந்து முழங்காலின் பின்புறம் வரை போகும் குழாய் முழுவதும் ஒரே பகுதி. அடைப்பைப் பலூனால் மட்டும் விரித்தால் 37224. ஸ்டென்டும் வைத்தால் 37226. பலூன் அதற்குள் அடக்கம், தனியாகக் காசு கேட்க முடியாது. எந்தக் குழாய், அதில் என்ன செய்தார்கள், அவ்வளவுதான் கணக்கு.

காப்புறுதிக்காரன் இன்னொன்றும் கேட்பான்: ஏன் செய்தீர்கள்? அதற்கு நோய்க் குறியீடு. குழாய் அடைத்து, நடந்தால் வலது கால் வலிக்கிறது என்றால் ஐ70.211. சும்மா இருக்கும்போதே வலிக்கிறது என்றால் ஐ70.221. ஓர் இலக்கம்தான் வித்தியாசம். முதலாவதில் பெரும்பாலும் மருந்தும் நடைப்பயிற்சியுமாகத் தொடங்குவார்கள். இரண்டாவதில் காலே போய்விடும் ஆபத்து இருக்கிறது.

குறியீடு போடுகிறவர்களிடம் ஒரு பேச்சு உண்டு: எழுதாதது நடக்கவே இல்லை. டாக்டரின் குறிப்பில் இல்லாததை அவர்கள் ஊகித்துச் சேர்க்கக்கூடாது. கதையில் வாசகன் நிரப்பிக்கொள்ள இடைவெளி வேண்டும் என்கிறோம். இங்கே நிரப்பினால் அது மோசடி.

என் பாட்டிக்குப் பல வருடமாக இனிப்புநீர். அரசாங்க மருத்துவமனையில் அவர் பேசும் மலாயில் எல்லா வலிக்கும் ஒரே பெயர்தான்: 'சாக்கிட் காக்கி'. கடுப்பு, குடைச்சல், எரிச்சல், இழுப்பு எல்லாம் அதற்குள். தாதியும் அப்படியே எழுதிக்கொள்வார். போன வருடம் நான் கூடப் போனேன்.

"பாட்டி, நடந்தா வலிக்குதா, படுத்தா வலிக்குதா?"

"படுத்தாத்தான்யா மோசம். ராத்திரி கட்டில்ல உக்காந்து காலத் தொங்கப் போட்டாத்தான் கொஞ்சம் அடங்கும்."

"இத டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அவரு கேக்கலியே."

தொங்கவிட்ட காலுக்கு இரத்தம் கொஞ்சம் சுலபமாக இறங்கும், அதனால்தான் வலி அடங்குகிறது. பாட்டி சொன்னதை அப்படியே மலாயில் சொன்னேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, குனிந்து இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்த்தார். அன்றைக்கே இரத்தக்குழாய்ப் பிரிவுக்கு அனுப்பினார். இப்போது பாட்டியின் வலது காலில் இரண்டு ஸ்டென்ட் இருக்கிறது.

பாட்டிக்கு வலியைச் சொல்லத் தமிழில் என்னைவிட அதிகச் சொற்கள் தெரியும். கிளினிக் கதவைத் தாண்டினால் அவை இரண்டு மலாய்ச் சொற்களாகச் சுருங்கிவிடும். நம்மில் பலர் வீட்டுப் பெரியவர்களுக்கு மொழிபெயர்க்கத்தான் கூடப் போகிறோம். சுருக்கிச் சொல்லாதீர்கள். எப்போது வலிக்கிறது, எவ்வளவு தூரம் நடந்தால் நிற்க வேண்டியிருக்கிறது, எப்படி இருந்தால் அடங்குகிறது என்று கேட்டு, முழுசாகச் சொல்லுங்கள். குறியீடு அப்புறம் வரட்டும்.