அருவிப் பசியும் அன்றாடப் பசியும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஐந்து கிலோமீட்டர்தான் இருக்கும். சாப்பாட்டு விஷயத்தில் இரண்டும் வேறு வேறு உலகம். சென்னையில் ஒரு பேட்டையின் ஓட்டல்களைப் பார்த்தாலே அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். இங்கே கடைகளின் போக்கைத் தீர்மானிப்பது தண்ணீர்.

குற்றாலத்தில் ஆனி பிறந்தால் சாரல். பேரருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வருகிறவருக்கு எடுப்பது தனிப் பசி. ஈரத் துண்டோடு நின்றபடியே மிளகாய் பஜ்ஜி, வாணலியிலிருந்து அப்போதே அரித்தெடுத்த நேந்திரங்காய் சிப்ஸ், கூடைகளில் ரம்புட்டான், மங்குஸ்தான். காரில் வந்தவரும் வேனில் வந்தவரும் நிற்பது ஒரே கடை வாசலில்தான். ஓயாத சாரலில் நனையும் குற்றாலநாதருக்கே கஷாயம் நிவேதனம் செய்கிற ஊர் இது. விலை அதிகம் என்று முகம் சுளிக்கிறவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும்: அந்தக் கடைக்காரர் வருஷத்துக்கான வருமானத்தை மூன்று மாதத்தில் பார்த்தாக வேண்டும். சாரல் பொய்த்தால் போட்ட முதலும் போச்சு.

இதே குற்றாலத்தில் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. இருந்த காலத்தில் பெரிய விருந்து நடந்தது ஓட்டலில் அல்ல, அவர் வீட்டில். ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து உண்டவர்கள். 1954இல் அவர் மறைந்தார்.

இன்று வெளியூர்க்காரர்கள் தேடிப் போவது செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது, எல்லை இங்கேதான். எல்லை புளியரைக்கு அப்பால் போன பிறகும் இங்குள்ள ரஹ்மத் பரோட்டாக் கடைக்குக் கூட்டம் குறையவில்லை. பரோட்டா மாஸ்டர் வேலையைப் பார்க்க வேண்டும். மாவை வீசி விசிறியாக்கி, சுருட்டி, கல்லில் தட்டிப் போடுகிறார். வெந்ததும் நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஓங்கி அடிக்க, அடுக்கு அடுக்காகப் பிரிகிறது. அதன் மேல் சால்னா, பக்கத்தில் பிச்சுப்போட்ட கோழி. புகழுக்குத் தகுந்த ருசிதான், சந்தேகமில்லை.

ஆனாலும் என் ஓட்டு தென்காசிக்கு. காசி விசுவநாதர் கோபுரத்தைச் சுற்றிய தெருக்களில் சாப்பிடுகிறவர்கள் சந்தைக்கும் கோர்ட்டுக்கும் வந்தவர்கள், கடையைத் திறக்கப் போகிறவர்கள். குற்றாலத்துக் கடைக்காரர் இன்றைக்குப் பார்த்த முகத்தை அடுத்த சீசனில் பார்த்தால் உண்டு. இங்கே அதே ஆள் மறுநாளும் அதே பெஞ்சில் வந்து உட்காருவார். “என்ன அண்ணாச்சி, நேத்து சாம்பார்ல உப்பு கூடிட்டே?” என்று கல்லாவிலேயே கேட்டும்விடுவார். அந்தக் கேள்விக்குப் பயந்து சமைக்கிற சமையலில் காரமும் எண்ணெயும் அளவோடு நிற்கின்றன. சீசனுக்கு வருகிறவர்கள் இந்த ஊரைப் பஸ் மாறுகிற இடமாக மட்டும் பார்த்துப் போவது எனக்குப் பெரிய வருத்தம். ஒரு நாள் காலையிலாவது, அருவிக்குப் போகும் முன், இங்கே இறங்கி இட்லி சாப்பிடுங்கள்.